மந்திரவாதிக்குக் கவசம்: மூன்றாம் பதிப்பா, ஐந்தாம் பதிப்பா?

பகடை உருட்டி, கற்பனைப் பாத்திரங்களாக ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் மூன்றாம் பதிப்பில் (2000) மந்திரவாதி கவசம் போட்டுக்கொண்டும் மந்திரம் சொல்லிப் பார்க்கலாம், ஆனால் அதற்கு விலை உண்டு. கை அசைவு தேவைப்படும் மந்திரம் வீணாகிவிட, தோல் கவசத்தில் 10 சதவீதமும் முழு இரும்புக் கவசத்தில் 35 சதவீதமும் வாய்ப்பு உண்டு. கட்டாயமான நேரத்தில் அந்தப் பகடையை உருட்டும்போது வரும் பதற்றம் இருக்கிறதே, எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் சதவீதக் கணக்கே கிடையாது. அந்தக் கவசத்தில் பயிற்சி இருந்தால் மந்திரம் வரும், இல்லாவிட்டால் வராது. புதியவர்களுக்கு இது சுலபம், சரி. ஆனால் முதல் நிலையில் போர்வீரராகத் தொடங்கி, அப்புறம் மந்திரவாதியானால், முழுக் கவசத்தோடு தடங்கலின்றி நெருப்புப் பந்து வீசலாம். இரும்பின் பாரம் மந்திரத்தில் துளியும் தெரியாததுதான் எனக்கு உறுத்துகிறது.