சென்னை–லண்டன் 10 மணி நேரம் என்று நம்பி 61,500 ரூபாய் போச்சு

முந்தாநாள் ராத்திரி நடந்தது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. வேறு யாரும் இப்படி மாட்டக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

லண்டனில் அக்காவுக்குப் பிரசவம். அம்மாவை அனுப்ப வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம், மாடிப்படி ஏறவே கைப்பிடி வேண்டும். அதனால் வாட்ஸ்அப்பிலேயே டிக்கெட் போட்டுத் தரும் ஒரு டிராவல்ஸ்காரரிடம், எங்கும் நிற்காத விமானம்தான் வேண்டும் என்று தெளிவாகச் சொன்னேன்.

அவர் ஒரு படம் அனுப்பினார். சென்னை–ஹீத்ரோ தூரம் சுமார் 8,200 கிலோமீட்டர், பயண நேரம் 10 மணி 10 நிமிடம். "அம்மாவுக்கு முட்டி வலின்னு சொன்னீங்களே சார், அதான் டைரக்ட் ஃபிளைட்டா பார்த்தேன்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன். 68,400 ரூபாய் அனுப்பினேன்.

அப்புறம்தான் நேரம் வந்தது: புறப்பாடு காலை 4.10, லண்டனில் இறங்குவது மாலை 6.50. பதினாலு மணி நேரத்துக்கு மேல் வருகிறதே என்று கேட்டேன். "நாலரை மணி நேரம் வித்தியாசம் இருக்கு சார், கழிச்சுப் பாருங்க" என்றார். கழித்தேன். 10 மணி 10 நிமிடம், படத்தில் இருந்தபடியே அச்சாக வந்தது. சரி என்று விட்டுவிட்டேன்.

கழிக்கக் கூடாது, கூட்ட வேண்டும்! லண்டன் கடிகாரம் நமக்குப் பின்னால் ஓடுகிறது. அங்கே மாலை 6.50 என்றால் இங்கே ராத்திரி 11.20. மொத்தப் பயணம் 19 மணி 10 நிமிடம். சக்கர நாற்காலிக்குப் பதிய டிக்கெட்டைத் திறந்தபோதுதான் இரண்டு விமான எண்களும், நடுவில் வளைகுடா விமான நிலையத்தில் 8 மணி 10 நிமிடக் காத்திருப்பும் பொடி எழுத்தில் கண்ணில் பட்டன.

அந்தப் படம் கால அட்டவணையே இல்லை. இரண்டு ஊருக்கும் இடையிலான நேர்த்தூரத்தை மணிக்கு 850 கிலோமீட்டர் என்று வகுத்து, ஏற இறங்க அரை மணி சேர்த்த கணக்கு, அவ்வளவுதான். எந்த விமானம், எங்கே நிற்கும், எதிர்க்காற்று எவ்வளவு, எதுவும் அதற்குத் தெரியாது. மேற்கே போகும்போது நிற்காத விமானமே அதைவிடக் கூடுதல் நேரம் எடுக்கும்.

உடனே கூப்பிட்டேன். "காலையில பார்க்கலாம் சார்." காலையில், "ஏர்லைன்கிட்ட பேசுங்க." ஏர்லைனில் நாற்பது நிமிடம் பாட்டு கேட்க வைத்துவிட்டு, ஏஜென்ட் போட்ட டிக்கெட், அவரிடமே போங்கள் என்றார்கள். திரும்ப அவரிடம் போனால், "டைரக்ட்னுதான் சொன்னேன், நான்ஸ்டாப்னு சொல்லலையே சார்." ஒரே எண்ணில் ஓடி நடுவில் நின்று போகும் விமானத்தையும் டைரக்ட் என்பார்கள், தெரியும். ஆனால் இதில் இரண்டு எண், இரண்டு விமானம். அதைச் சொன்னதும் போனை வைத்துவிட்டார். இப்போது நீல டிக் மட்டும் விழுகிறது, பதில் இல்லை.

ரத்து செய்ததில் திரும்பி வந்தது 6,900. போனது 61,500 ரூபாய். அம்மா தன் சீட்டுப் பணத்தில் கொடுத்த 61,500. "போகட்டும் விடுடா" என்கிறார். என்னால் விட முடியவில்லை.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. பணம் கட்டும் முன் விமான எண்ணை வாங்கி விமான நிறுவனத்தின் தளத்திலேயே பாருங்கள். "நான்ஸ்டாப்" என்று எழுத்தில் வாங்குங்கள். அக்டோபர் கடைசியிலிருந்து லண்டன் வித்தியாசம் ஐந்தரை மணி, அப்போது நாலரைக்குப் பதில் அதைக் கூட்டுங்கள். நான் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்கப் போகிறேன், சாட் எல்லாம் பத்திரமாக இருக்கிறது.