லாங்வுட் சோலைக்குள் ஒரு காலை நடை

கோத்தகிரியை ஒட்டிய லாங்வுட் சோலையில் உள்ளூர்க் குழு ஒன்று, வனத்துறையின் அனுமதியோடு நடத்தும் காலை நடைக்குச் சென்ற மாதம் போயிருந்தேன். காட்டெருமையையோ கருமந்தியையோ பார்த்துவிடலாம் என்று வருகிறவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கக்கூடும். 116 ஹெக்டேர் பரப்புள்ள இந்தச் சோலை, அதாவது புல்வெளி சூழ்ந்த பசுமைமாறா மலைக்காடு, எப்படித் தப்பியது, மற்றவை ஏன் தப்பவில்லை என்பதைச் சொல்வதில்தான் வழிகாட்டிக்கு அக்கறை. எனக்கு அதுவே பிடித்திருந்தது.

நடை சோலைக்கு வெளியே, ஒரு சீகை (வாட்டில்) மரத் தோப்பில் தொடங்கியது. அங்கே ஒரு பிடி மண்ணை அள்ளச் சொன்னார். அது பொடியாக உதிர்ந்தது. அரை மணி நேரம் கழித்து, நாவல் மரங்களின் அடியில் இலைமக்கை அள்ளிப் பிழியச் சொன்னபோது விரலிடுக்கில் நீர் சொட்டியது. மழை நின்று பல நாள் ஆன பின்னும் ஓடைகள் ஓடுவதற்கும், கீழேயுள்ள ஊர்கள் குடிநீர் பெறுவதற்கும் காரணம் என்ன என்பதை இதைவிட எளிதாக விளக்க முடியாது.

வரலாற்றுப் பகுதி அவ்வளவு நிறைவாக இல்லை. 1819இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரிக்கு வந்ததையும், ஆங்கிலேயர் விறகுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) சீகையையும் கொண்டுவந்ததையும், தேயிலைக்காகச் சோலைகள் வெட்டப்பட்டதையும் விரிவாகச் சொன்னவர், சுதந்திரத்துக்குப் பிந்தைய காலத்தை இரண்டே வாக்கியங்களில் முடித்துவிட்டார். தோல் பதனிடும் பட்டைக்காகவும் சிறுமுகை விஸ்கோஸ் (செயற்கை இழை) ஆலையின் மரக்கூழுக்காகவும் புல்வெளிகளில் இந்த மரங்களைப் பெருமளவில் நட்டது நம் அரசுதான். சோலையைச் சூழ்ந்த புல்வெளியை வெறும் தரிசாக எண்ணிய அந்தப் பிழையைச் சொல்லாமல் நீலகிரியின் காடழிப்பைச் சொல்லி முடிக்க இயலாது.

மீட்புக் கதையை நன்றாகவே சொன்னார். விறகு வெட்டையும் மேய்ச்சலையும் தடுக்க ஊர்மக்களே காவல் குழு அமைத்ததிலிருந்து, 2024இல் ராம்சர் தலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது வரை கோவையாக வந்தது. ராம்சர் என்றால் ஏரியும் கழிமுகமும் மட்டுமே என்று எண்ணியிருந்தவர்களில் நானும் ஒருவன்.

குறைகள் இரண்டு. ஒற்றையடிப் பாதையில் இருபத்திரண்டு பேரை அழைத்துச் சென்றதால், பின்னால் நடந்தவர்களுக்குப் பாதிப் பேச்சு கேட்கவில்லை. அட்டைக்கடி பற்றி முன்பதிவின்போது ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. கூட்டம் குறைந்த வாரநாளில், நீண்ட காலுறை அணிந்து செல்வது நல்லது.