கூலாயிலிருந்து வேலைக்கு: உள்ளூரா, அக்கரையா?

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துக் கூலாயில் இருப்பவருக்கு அக்கரை என்றால் சிங்கப்பூர். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு (டாலருக்கு) 3 ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது. உள்ளூர்ச் செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலைச் சம்பளம் அதோடு எங்கே போட்டி போடுவது? ஆனால் விடியற்காலை நான்கு மணிக்கே மோட்டார் சைக்கிளைக் கிளப்ப வேண்டும். சிங்கப்பூருக்குப் போக 1924-இல் திறந்த ஜொகூர் பாலம் நீளத்தில் ஒரு கிலோமீட்டர்தான். வரிசையில் நிற்பவருக்குத்தான் அதன் நீளம் தெரியும். மழை பெய்தால் கேட்கவே வேண்டாம்.

உள்ளூரில் பணம் குறைவு. சரி, மாலையில் வீட்டில் இருக்கலாம். கோயில் திருவிழா, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் எல்லாம் உள்ளூரில் வேலை செய்பவர்கள் தலையில்தான். அக்கரைக்காரர்கள் நன்கொடையைத் தாராளமாகத் தருவார்கள், பந்தல் கட்டத்தான் ஆள் கிடைக்காது (பாவம், தூங்க வேண்டாமா?).

வீட்டுக் கடன் கழுத்தை நெரித்தால் அக்கரை. பிள்ளைகள் சின்னவர்கள் என்றால் நான் உள்ளூரைத்தான் சொல்வேன். ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாரிலிருந்து சிங்கப்பூருக்கு ரயில் வந்தால் பாலத்து நெரிசல் குறையலாம். கூலாயிலிருந்து ஜொகூர் பாருவுக்கு உள்ள சுமார் 30 கிலோமீட்டர் அப்படியேதான் இருக்கும்.