பொன்னியின் செல்வன்: படத்துக்காக நான்கு தடவை

என்னிடம் பொன்னியின் செல்வன் நான்கு செட் இருக்கிறது. "ஒரே கதையை எத்தனை தடவைதான் வாங்குவீங்க?" என்று கேட்டுக் கேட்டு மனைவி ஓய்ந்துவிட்டாள். கதைக்கு ஒரு செட்டே அதிகம்தான். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனபிறகு ஆளாளுக்கு அச்சிடுகிறார்கள், இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். நான் வாங்குவது இந்தத் தொடருக்கு ஓவியர் மணியம் வரைந்த படங்களுக்காக. பதினைந்து வருடமாக இந்தப் பைத்தியம்.

முதல் செட் வாங்கியதல்ல, பெரியம்மாவிடமிருந்து வந்தது. 1950 அக்டோபரில் கல்கி வார இதழில் தொடங்கி மூன்றரை வருடம் ஓடிய தொடர் இது. வாரா வாரம் பக்கங்களைப் பிரித்து எடுத்துச் சேர்த்து, பாகம் முடிந்ததும் பைண்டிங் கடையில் கொடுப்பது அப்போது பல வீடுகளில் வழக்கம். பெரியம்மாவும் அப்படித்தான் செய்திருக்கிறார். ஐந்து பாகத்தில் எனக்குக் கிடைத்தது மூன்று. மீதி இரண்டை யாரோ படித்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிப் போனார்களாம். அவ்வளவுதான்.

அந்தத் தாள் இப்போது டீ நிறத்தில் இருக்கிறது. மூலையை மடித்தால் அப்பளம் மாதிரி உடையும். ஆனால் படத்தைப் பார்க்க வேண்டும்! படத்தை உலோகத் தகட்டில் பிளாக் செய்து அழுத்தி அச்சிட்ட காலம் அது. பக்கத்தைத் திருப்பித் தடவினால் சில இடங்களில் கோடு விரலில் தட்டுப்படுகிறது. வந்தியத்தேவன் குதிரையின் பிடரி மயிர், நந்தினியின் பக்கக் கொண்டையில் பூச்சரம், எல்லாம் தனித்தனிக் கோடாகத் தெரியும்.

இரண்டாவது செட், முன்வெளியீட்டுத் திட்டத்தில் பணம் கட்டி எட்டு மாதம் காத்திருந்து வாங்கிய கெட்டி அட்டைப் பதிப்பு. பெட்டி, பட்டு நாடா, பளபள ஆர்ட் பேப்பர், எதிலும் குறை வைக்கவில்லை. பிரித்துப் பார்த்தால் அதே பூச்சரம் ஒரே கறுப்புத் திட்டு. மூல ஓவியத்திலிருந்து எடுக்காமல், பழைய இதழை ஸ்கேன் செய்து, மங்கலாக இருக்கிறதே என்று கறுப்பை ஏற்றியிருக்கிறார்கள். மெல்லிய கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

அதைவிட எரிச்சல் வேறொன்று. படங்களையெல்லாம் பொறுக்கி நடுவில் ஒரே கட்டாக வைத்துவிட்டார்கள். தொடர்கதைப் படம் அத்தியாயத்தின் வாசலில் நிற்க வேண்டியது. அதைப் பார்த்துவிட்டு, இங்கே என்னமோ நடக்கப்போகிறது என்று உள்ளே நுழைவோம். இங்கே பாதிப் புத்தகத்தில் புரட்டினால், யார் கதி என்ன ஆகும் என்பதைப் படமே போட்டு உடைத்துவிடுகிறது. இந்தச் செட்டை என் மகளிடம் கொடுத்ததற்கு இன்றும் வருந்துகிறேன். கதை கடம்பூர் மாளிகைக்குப் போகும் முன்பே அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

2015 டிசம்பர் மழையில் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். கீழ்த்தட்டில் கெட்டி அட்டைப் பதிப்பில் இரண்டு பாகமும் பெரியம்மாவின் ஒரு பைண்டும் இருந்தன. ஆர்ட் பேப்பரின் மேல்பூச்சு ஈரத்தில் பசையாகிவிடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். படக்கட்டு முழுவதும் செங்கல் மாதிரி இறுகிவிட்டது. கத்தியை விட்டுப் பிரித்தால் ஒரு பக்கத்தின் மை அடுத்த பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வருகிறது. பெரியம்மாவின் பைண்டோ, ஃபேன் காற்றில் நாலு நாள், பக்கத்துக்குப் பக்கம் வெள்ளைத்தாள் வைத்ததும் பிழைத்துக்கொண்டது. பலாப்பழம் மாதிரி உப்பியிருக்கிறது, வேறொன்றுமில்லை.

அப்படியே விட்டிருக்கலாம். உப்பலைச் சரிசெய்கிறேன் என்று மறுபடி பைண்டிங்குக்குக் கொடுத்தேன். "ஓரத்த லேசா வெட்டி நேராக்கிடட்டா சார்?" என்று பைண்டர் கேட்டார். தலையாட்டினேன். திரும்பி வந்தபோது புத்தகம் கச்சிதமாக இருந்தது, படங்களின் ஓரத்தில் இருந்த மணியத்தின் கையெழுத்தில் பாதிக்கு மேல் காணோம். பழைய பைண்டு வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: ஓரம் வெட்ட வேண்டாம் என்று எழுதியே கொடுத்துவிடுங்கள்.

மூன்றாவது செட் பளபளப்பில்லாத சாதாரண மேப்லித்தோ தாள், படங்கள் அந்தந்த அத்தியாயத்திலேயே. வெறும் பசை பைண்டிங் என்பதால் இரண்டாம் வாசிப்பில், இரண்டாம் பாகமான 'சுழற்காற்று' தாள் தாளாகக் கழன்று நிஜமாகவே பறக்க ஆரம்பித்துவிட்டது. நான்காவதும் அதே மாதிரிதான், ஆனால் தையல் போட்டது. மேசையில் விரித்தால் தானாக மூடிக்கொள்ளாது. நான் இப்போது எடுத்துப் படிப்பது இதைத்தான். இனி வாங்குபவர்கள் பெட்டியைப் பார்த்து மயங்காமல், விரித்தால் நடு மடிப்பில் தையல் நூல் தெரிகிறதா, நகைகளும் கூந்தலும் உள்ள படம் ஒன்றில் கோடுகள் பிரிந்து தெரிகின்றனவா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். தாளை அரிக்கும் ராமபாணப் பூச்சிக்கு நான் வசம்புத் துண்டு போடுகிறேன். ஓரளவு கேட்கிறது.

பின்னாளில் இதே கதைக்கு வரைந்த ஓவியர் பத்மவாசனின் வண்ணப் படங்களைச் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். அழகுதான். சின்ன வயதில் எது கண்ணில் பட்டதோ அதுதான் குந்தவை, அதில் வாதத்துக்கு இடமில்லை.

பெரியம்மா செட்டில் விட்டுப்போன இரண்டு பாகங்களை இன்னமும் தேடுகிறேன். போன மாதம் திருவல்லிக்கேணி பிளாட்பாரத்தில் ஐந்தாம் பாகமான 'தியாக சிகரம்' பைண்டு ஒன்று அகப்பட்டது. வேறு யாரோ ஒரு பெரியம்மா சேர்த்தது, முதல் பக்கத்தில் பால் கணக்கு எழுதியிருந்தது. அவசரமாகப் புரட்டிப் படத்தின் ஓரத்தைப் பார்த்தேன். அங்கேயும் எவரோ வெட்டியிருக்கிறார்கள், "மணி" மட்டும் மிஞ்சியிருந்தது. பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டேன்.