சென்னையில் பிள்ளைகளோடு ஒரு பகல்: ரொக்கம் செல்லாத வாசல்

டிசம்பர் விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து பிள்ளைகளோடு சென்னைக்குப் போகிறவர்களுக்காக, டொராண்டோவில் வாழும் நான் இதை எழுதுகிறேன். நாங்கள் போன இடத்தைப் பற்றி எனக்குக் குறை எதுவும் இல்லை. உள்ளே நுழைந்த பிறகு எல்லாம் நன்றாகவே இருந்தது. வாசலில் பட்ட பாட்டைத்தான் சொல்ல வேண்டும்.

நகரத்துக்குச் சற்று வெளியே உள்ள ஒரு பொழுதுபோக்குப் பூங்கா; பெயர் வேண்டாம். வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டும் என்று அம்மா விடியற்காலையிலேயே புளியோதரை கட்டிவிட்டார். போய் இறங்கினால் டிக்கெட் ஜன்னல் மூடிக் கிடந்தது. அதன்மேல் ஒரு கியூஆர் பலகை. “ஆன்லைனில் மட்டும்தான் மேடம்” என்றார் காவலாளி.

பலகையை ஸ்கேன் செய்தேன். கைப்பேசி எண்ணைக் கேட்டது. முன்னால் இருந்த +91ஐ மாற்ற வழியில்லை. கனடா எண்ணுக்கும் பத்து இலக்கம்தான். 647 என்று தொடங்கும் என் எண்ணை இந்திய எண்ணாகவே எடுத்துக்கொண்டு, ஓடிபி அனுப்பியாகிவிட்டது என்றது. இந்தியாவில் எந்த ஊரில் யாருடைய கைப்பேசியில் போய் விழுந்ததோ! அம்மாவிடம் பட்டன் போன் உண்டு. அந்த எண்ணைக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு ஒவ்வோர் இலக்கமாக வாசித்து முடிப்பதற்குள் நேரம் கடந்துவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து. ஒருவழியாகப் பணம் செலுத்தும் பக்கம் வந்தது. என் கனடா வங்கி அட்டையை அது ஏற்கவில்லை. இந்திய வங்கிக் கணக்கிலிருந்து கைப்பேசி வழியே பணம் செலுத்தும் யுபிஐ என்னிடம் இல்லை. நிழலுக்கு ஒரு கூரைகூட இல்லாத இடத்தில், டொராண்டோக் குளிருக்குப் பழகிய பிள்ளைகள் முகம் சிவந்து நின்றார்கள். ஐந்நூறு ரூபாய்த் தாள்களை எண்ணி நீட்டினேன். காவலாளி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். “வாங்கினால் என் வேலை போய்விடும் மேடம்.” அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

எங்களுக்குப் பின்னால் ஒரு பாட்டி, இரண்டு பேரப்பிள்ளைகளோடு நின்றிருந்தார். சுருக்குப்பையிலிருந்து மடித்த நோட்டுகளை எடுத்துக் கையில் தயாராக வைத்திருந்தார். “காசு கொடுத்தால் விடமாட்டார்களா கண்ணு?” என்று என்னைக் கேட்டார். அதுவரை எனக்கு இருந்தது எரிச்சல்தான். அந்தக் கேள்விக்குப் பிறகு கோபம் வந்தது. என்னையாவது வெளிநாட்டுக்காரி என்று தள்ளிவைக்கலாம். அவர் இந்த ஊர்க்காரர். ரிசர்வ் வங்கி அச்சடித்த பணத்தைக் கையில் வைத்திருப்பவரை எந்த நியாயத்தில் வெளியே நிறுத்துகிறார்கள்?

கடைசியில், நண்பர்களோடு வந்திருந்த ஒரு கல்லூரி மாணவிதான், “நான் போட்டுத் தருகிறேன் அக்கா” என்று முன்வந்தாள். எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் அவளே டிக்கெட் எடுத்தாள். ரொக்கத்தை எண்ணிக்கூடப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டாள். பாட்டி அவள் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார்.

2016இல் வந்த யுபிஐ இன்று இளநீர் வண்டிவரை போய்விட்டதைப் பார்க்க எனக்குப் பெருமைதான். டொராண்டோவிலும் அட்டை மட்டுமே வாங்கும் கடைகள் உண்டு. ஆனால் அங்கே எந்த நாட்டு விசா அட்டையானாலும் பெரும்பாலும் செல்லும். 2023 முதல் நகரப் பஸ்ஸிலேயே வங்கி அட்டையைத் தட்டி ஏறலாம். பன்னிரண்டு வயதுவரை பிள்ளைகளுக்கு டிக்கெட்டே கிடையாது. வெளியூர்க்காரரை யாரும் உள்ளூர்க் கைப்பேசி எண் கேட்டு நிறுத்துவதில்லை.

நாங்கள் வளர்ந்த காலத்தில் ஒரு நாள் உலா என்றால் கிண்டி சிறுவர் பூங்கா, அதை ஒட்டியே 1972இல் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய பாம்புப் பண்ணை, சாயங்காலம் மெரினாவில் தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல். அப்பா ஜன்னலுக்குள் நோட்டை நீட்டுவார், கிழித்த டிக்கெட் சட்டைப்பைக்குப் போகும். அவ்வளவுதான். அந்த எளிமைக்கு இன்றும் மனம் ஏங்குகிறது.

அந்த எளிமை கோட்டூர்புரத்தில் கிடைத்தது. 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பகுதியில் ஒரு செயற்கை மரம் நிற்கிறது. அதனடியில் என் மகள் ஒரு தமிழ்ப் படக்கதையை எழுத்துக்கூட்டி வாசித்தாள். டொராண்டோவில் எத்தனை சனிக்கிழமை தமிழ் வகுப்புக்குக் கெஞ்சிக் கூட்டிப்போயிருக்கிறேன்! இங்கே யாரும் சொல்லாமல் தானாக எடுத்தாள். நுழைவுக் கட்டணம் இல்லை. மாநகரப் பஸ்ஸில் போனோம். 2021 முதல் சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்கு இலவசம் என்பதால் அம்மாவுக்கும் எனக்கும் நடத்துநர் கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். கைப்பேசி எண்ணை அவர் கேட்கவில்லை.

கனடா, சிங்கப்பூர், அமெரிக்கா, பிரிட்டன் உள்ளிட்ட சில நாடுகளின் கைப்பேசி எண்ணோடு, வெளிநாடு வாழ் இந்தியருக்கான என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ வங்கிக் கணக்கு இருப்பவர்கள் யுபிஐ பெற 2023இல் வழி திறந்தார்கள். உங்கள் வங்கி அதைத் தருகிறதா என்று விமானம் ஏறுவதற்கு முன்பே கேட்டு இணைத்துவிடுங்கள். அந்தக் கணக்கு இல்லாதவர்கள் முதல்நாள் இரவே அண்ணனிடமோ மைத்துனரிடமோ சொல்லி டிக்கெட் எடுத்துவிடுவது நல்லது. வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாயும் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளியும் விடுமுறை. பிள்ளைகளிடம் வாக்குக் கொடுப்பதற்கு முன் நாளைப் பாருங்கள்.

நாங்கள் போன பூங்காவின் நிர்வாகத்துக்கு எழுதியிருக்கிறேன். ரொக்கம் வாங்க ஒரு ஜன்னலையாவது திறந்துவைக்க வேண்டும் என்றும், வாசலில் ஒரு கூரை போட வேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.