மாலத்தீவில் குடும்பத்தோடு வேலை என்று சொன்னால் பணம் கட்டாதீர்கள்

திருவொற்றியூர், எண்ணூர், காசிமேடு பக்கம் இருப்பவர்கள் இதை முழுசாகப் படியுங்கள். மண்ணடியில் ஒரு ஏஜென்ட், "மாலத்தீவு ரிசார்ட்டில் ஏசி மெக்கானிக் வேலை, குடும்பத்தோடு போய் இருக்கலாம், பிள்ளைக்கு அங்கேயே ஸ்கூல்" என்று சொல்லி எங்களிடம் மூன்றரை லட்சம் வாங்கி ஏமாற்றிவிட்டார். இன்றைக்கும் அதே பேச்சைப் பேசி ஆள் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

வெளிநாட்டு ஆசையெல்லாம் எங்களுக்கு முன்பு கிடையாது. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. அதே மாதம் 26ஆம் தேதி ராத்திரி பெரியகுப்பத்தில் கடலுக்குள் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மகளுக்கு ஏற்கெனவே வீசிங். அவளைத் தூக்கிக்கொண்டு, துப்பட்டாவை நனைத்து மூக்கில் பொத்திக்கொண்டு ஓடினோம். அந்தப் பயத்தை ஏஜென்ட் சரியாகப் பிடித்துக்கொண்டார். "புகை, கெமிக்கல் எதுவும் இல்லாத இடம்க்கா, பாப்பாவுக்கு இன்ஹேலரே தேவைப்படாது" என்று போனில் வெள்ளை மணலையும் நீலத் தண்ணீரையும் காட்டினார். நோயாளிப் பிள்ளையின் பெயரைச் சொல்லி ஒரு தாயிடம் பணம் பறிப்பதைவிடப் பாவம் எதுவும் இல்லை.

முதலில் என் வீட்டுக்காரர் போகவேண்டும், அடுத்த மாதம் நானும் மகளும். அதற்காக வாடகை வீட்டைக் காலி செய்தோம், ஃப்ரிட்ஜையும் பீரோவையும் விற்றோம், பள்ளியில் டி.சி. வாங்கினோம்.

அந்த ஆஃபர் லெட்டர் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ரிசார்ட்டின் பெயர் மேலே ஒரு ஸ்பெல்லிங், கையெழுத்துக்குக் கீழே வேறு ஸ்பெல்லிங். சம்பளம், சாப்பாடு, லீவு எல்லாம் ஒரே மாதிரி எழுத்தில் இருக்க, குடும்பத்துக்கு வீடு தருவதாகச் சொல்லும் வரி மட்டும் கொஞ்சம் பெரிசாக, லேசாகக் கோணலாக இருக்கிறது. யாருடைய லெட்டரையோ எடுத்து அந்த வரியைச் சேர்த்திருக்கிறார்கள்.

மாலத்தீவில் பெரும்பாலும் ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட். வேலைக்காரர்களுக்கு அதே தீவில் ஒரு பக்கமாக ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ், ஒரு அறைக்குப் பல பேர். சாதாரண டெக்னீஷியன் பெண்டாட்டி பிள்ளையோடு குடித்தனம் நடத்தும் இடமில்லை அது. குடும்பத்தைக் கூட்டிப்போக வேண்டுமென்றால் தனியாக விசா வாங்கி, தலைநகர் மாலேயிலோ பக்கத்துத் தீவான ஹுலுமாலேயிலோ வீடு பார்க்கவேண்டும். அங்கே வாடகைக்கே சம்பளம் போய்விடும். இதை வீட்டுக்காரரிடம் சொன்னவர், மாலேயில் பல வருஷமாக வேலை பார்க்கும் ஒரு தூத்துக்குடி அண்ணன். பணம் வாங்கிய ஆள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மாலத்தீவு ஏர்போர்ட்டில் வீட்டுக்காரருக்குக் குத்திய முத்திரையோ சுற்றுலா விசா. அது யார் போனாலும் இறங்கியதும் இலவசமாகக் கிடைக்கும், அதை வைத்து வேலை செய்யக்கூடாது. வேலைக்கு எடுப்பதென்றால் ஆள் கிளம்பும் முன்பே முதலாளி அங்கே அனுமதி வாங்கியிருக்கவேண்டும். "டூரிஸ்ட்டா போங்க, அங்க மாத்திக்கலாம்" என்று யாராவது சொன்னால் அப்படியே எழுந்து வந்துவிடுங்கள். ரிசார்ட்டுக்குப் போன் செய்து கேட்டால், இந்தப் பெயரில் யாரையும் எடுக்கவில்லை என்றார்கள். இமிக்ரேஷனில் காட்டுவதற்கென்று போட்டுக்கொடுத்த ரிட்டர்ன் டிக்கெட்டை, அவர் இறங்கியதுமே ஏஜென்ட் கேன்சல் செய்து அந்தப் பணத்தையும் எடுத்துக்கொண்டார். என் வளையலை அடகு வைத்துத்தான் அவரை ஊருக்கு வரவழைத்தேன்.

ஏஜென்ட்டிடம் லைசென்ஸ் பற்றிக் கேட்டபோது, "மாலத்தீவு ஈசிஆர் லிஸ்ட்டில் இல்லை, அதனால் லைசென்ஸ் தேவையில்லை" என்றார். ஈசிஆர் லிஸ்ட் என்பது, சிலர் வேலைக்குப் போகும் முன் அரசின் குடிபெயர்வு அனுமதி வாங்கவேண்டிய நாடுகளின் பட்டியல். அதில் மாலத்தீவு இல்லை என்பது உண்மை. லைசென்ஸ் வேண்டாம் என்பது பச்சைப் பொய். எந்த நாட்டுக்கு ஆள் அனுப்பினாலும் 1983ஆம் வருஷத்து குடிபெயர்வுச் சட்டப்படி ஏஜென்ட் பதிவு செய்திருக்கவேண்டும். பதிவு எண்ணை வாங்கி, மத்திய அரசின் இமைக்ரேட் (eMigrate) தளத்தில் போட்டுப் பாருங்கள். அப்புறம், அவர்கள் வாங்கக்கூடிய சர்வீஸ் சார்ஜே அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். எங்களிடம் பாதியை வேறொருவர் பெயருக்கு ஜிபேயில் போடச் சொன்னார், மீதியைக் கையில் வாங்கினார். ரசீதில் 'கன்சல்டன்சி' என்று மட்டும் எழுதிக்கொடுத்தார்.

வேப்பேரி கமிஷனர் ஆபீஸில் மத்தியக் குற்றப்பிரிவிலும், சென்னையிலேயே இருக்கும் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்திலும் புகார் கொடுத்திருக்கிறோம். அதற்குப் பிறகுதான் ஏஜென்ட் எங்கள் போனை எடுக்கிறார். பாதிப் பணம் தருகிறேன், புகாரை வாபஸ் வாங்குங்கள் என்கிறார். வாங்கப்போவதில்லை. மாலேயில் என் வீட்டுக்காரர் இருந்த அறையில் அவரோடு தங்கியிருந்த மற்றவர்களின் குடும்பங்களும் இந்தப் பக்கம்தான். உங்கள் வீட்டு ஆள் அதில் ஒருவர் என்றால் ஜிபே ஸ்கிரீன்ஷாட், ஆஃபர் லெட்டர், கேன்சலான டிக்கெட் எதையும் அழிக்காமல் எடுத்துக்கொண்டு வேப்பேரிக்குப் போய் உங்கள் புகாரையும் கொடுங்கள்.