கபாசிட்டரா, ஃபெரைட் வளையமா: 800 வோல்ட் டிசி கேபிளில் சிக்னல் ஏற்றிய கதை

பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டருக்கு 800 வோல்ட் டிசி கேபிள் இரண்டு எப்படியும் போகின்றன. தகவலுக்குத் தனி ஒயர் இழுக்காமல் அவற்றிலேயே சிக்னலை ஏற்ற இரண்டு வழிகள். கபாசிட்டர் வைத்துக் கேபிளைத் தொட்டு ஏற்றலாம். அல்லது கேபிளைச் சுற்றி ஃபெரைட் (காந்தத்தன்மை உள்ள பீங்கான்) வளையம் மாட்டி, தொடாமலே ஏற்றலாம். இரண்டையும் செய்து பார்த்துவிட்டு வளையத்தோடு நின்றுவிட்டேன்.

கபாசிட்டர் வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். டிசியைத் தடுக்கும், உயர் அதிர்வெண்ணை விடும். 10 நானோஃபாரட் என்றால் 2 மெகாஹெர்ட்ஸில் சுமார் 8 ஓம். கேபிளுக்கு ஒன்று, பின்னால் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர், அவ்வளவுதான். மேசையில் வெறும் கேபிளை வைத்துப் பார்த்தபோது ஒரு குறையும் இல்லை.

இன்வெர்ட்டரை மாட்டியதும் தொடர்பு படுத்துவிட்டது. அதன் உள்ளே டிசி முனைகளுக்குக் குறுக்கே ஒரு பெரிய கபாசிட்டர் உட்கார்ந்திருக்கிறது. மெகாஹெர்ட்ஸில் அது எத்தனை மைக்ரோஃபாரட் என்பது பொருட்டே இல்லை. இணைப்புகளின் தூண்டல் (இன்டக்டன்ஸ்) மட்டும்தான் மிஞ்சும். 20 நானோஹென்றி என்று வைத்தால் 2 மெகாஹெர்ட்ஸில் கால் ஓம். பக்க இணைப்பில் தரும் சிக்னலுக்கு இது ஷார்ட் சர்க்யூட் மாதிரிதான். நடுவே சில மீட்டர் கேபிள் இருந்தால் கொஞ்சம் தப்பிக்கலாம். ஆனால் இன்வெர்ட்டர் பக்க மோடம் அந்த முனையிலேயே அல்லவா இருக்கிறது?

சரி, நடுவில் ஒரு சோக் (ஃபெரைட் வளையத்தில் சுற்றிய கம்பிச் சுருள்) போடலாம். ஆனால் முழு டிசி மின்னோட்டமும் அதன் வழியேதான் போக வேண்டும், அதுவும் காந்தத் தெவிட்டு நிலைக்குப் போகும், அதாவது அதற்குமேல் காந்தமேறாமல் வேலை செய்யாது. வளையத்துக்குப் பயந்து கபாசிட்டருக்குப் போனால், அங்கேயும் ஒரு வளையம்தான் காத்திருக்கிறது.

வளையமோ சிக்னலைத் தொடரிணைப்பில் ஏற்றுகிறது. அதற்கு வேண்டியது மின்னோட்டம் சுற்றிவர ஒரு பாதை. கபாசிட்டர் வழியைக் கெடுத்த அதே கால் ஓம், இங்கே சுற்றை மூடிக் கொடுக்கிறது. நான் முடிவெடுத்தது இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

இதற்கும் விலை உண்டு. சுமை இல்லாதபோது ஒழுங்காக ஓடிய தொடர்பு, 30 ஆம்பியர் வந்ததும் செத்துப்போனது. கணக்கு போட்டால் புரிந்தது: காந்தப் பாதை 15 செ.மீ., ஒப்புமை உட்புகுதிறன் 2000 உள்ள வளையம் 24 ஆம்பியரிலேயே தெவிட்டு எல்லையான 0.4 டெஸ்லாவைத் தொட்டுவிடுகிறது. இரண்டு கேபிளையும் ஒரே வளையத்துக்குள் விட்டால் டிசி ஒன்றையொன்று அடித்துவிடும் என்று நினைத்தேன். அடித்தது, சிக்னலையும் சேர்த்து.

கடைசியில் கைகொடுத்தது விசிட்டிங் கார்டு. இரண்டு பாதியாகப் பிரியும் பிளவு வளையத்தின் இரு முகங்களிலும் ஒவ்வொரு துண்டு, மொத்தம் அரை மில்லிமீட்டர் இடைவெளி. 100 ஆம்பியரிலும் 0.22 டெஸ்லா அளவில் நின்றது. தூண்டல் எட்டில் ஒரு பங்காகக் குறைந்தது. மெகாஹெர்ட்ஸ் மோடத்துக்கு அது போதும்.

கிலோஹெர்ட்ஸ் என்றால் இவ்வளவு அழுத்திச் சொல்லமாட்டேன். சோலார் பேனல்களின் அவசர நிறுத்தத்துக்கான சன்ஸ்பெக் தரநிலைச் சிக்னல் (அது நின்றால் பேனல்கள் நிற்கும்) 131.25, 143.75 கிலோஹெர்ட்ஸில் ஓடுகிறது. அங்கே என் வளையம் கால் ஓம்கூடத் தராது. பெரிய வளையம், அதிகச் சுற்றுகள் என்று போக வேண்டும். நான் கைவைத்ததும் 800 வோல்ட், சில மீட்டர் கேபிள் வரைதான்.

பராமரிப்பிலும் வளையமே மேல். கழற்ற உயர் மின்னழுத்த முனையைத் திறக்க வேண்டியதில்லை, கிளிப்பை எடுத்தால் போதும். அப்புறம், அந்தக் கிளிப்பை இறுக்க இறுக்க அட்டை நசுங்கி இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. இப்போது அங்கே இருப்பது பிளாஸ்டிக் ஷீட்.